பழைய கன்டென்சர் மைக்: திறந்து திருத்தலாமா, வேறு வாங்கலாமா?

அம்மன் கோவில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து வந்து ராத்திரி ஹெட்போனில் கேட்டால் மூன்று குறைகள் தெரியும். வில்லில் கட்டிய மணியும் ஜால்ராவும் காதைக் கீறும். குடத்தைத் தட்டும் மட்டையான பத்தி விழும் இடங்களில் ஒலி உடைந்து ‘பட்’டென்று தட்டையாகும். புலவர் குரலைத் தாழ்த்திக் கதை சொல்லும்போது அடியில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடும். மூன்றுக்கும் மைக்தான் காரணம் என்று முடிவு கட்டி, உடனே ‘மாடிஃபை’ பண்ணிவிடலாமா என்று யோசிக்கிறவர்கள் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் கோவில்பட்டியிலும் மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களில் நிறையப் பேர்.

மூன்று குறைகளும் மைக்கின் மூன்று வேறு இடங்களில் பிறக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதியான காப்சூலை மாற்றினால் இரைச்சல் போகாது, சர்க்யூட்டில் ஏற்கனவே உள்ள கெப்பாசிட்டரை (மின்தேக்கி) மாற்றினால் காதைக் கீறும் கூச்சம் போகாது. அதனால் எந்த வழியை எடுப்பது என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்யலாம்: இந்தக் குறையை ஈக்யூவால் (அலைவரிசை வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் மென்பொருள் கருவி) சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம். ஈக்யூ தொட முடியாத குறைக்கு மட்டும் மைக்கைத் திறக்கலாம்.

கூச்சம் எங்கிருந்து வருகிறது?

1960-இல் ஜெர்மன் நிறுவனமான நாய்மன் கொண்டுவந்த யூ67 மைக்கின் காப்சூலே உயர் அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கும். அந்தத் தூக்கலை உள்ளே இருக்கும் சர்க்யூட் இறக்கிவிடும். காப்சூலில் ஏற்றி, சர்க்யூட்டில் இறக்கினால் சர்க்யூட்டின் சொந்த இரைச்சலும் மேல் பகுதியில் சேர்ந்து இறங்கும் என்பது அதன் கணக்கு. 1967-இல் வந்த யூ87-உம் இதே வழியில்தான் போகிறது. பின்னால் வந்த மலிவு மைக்குகளில் பெரும்பாலானவை இந்த கே67 வகைக் காப்சூலை நகலெடுத்தன. சர்க்யூட்டை மட்டும் ஷோப்ஸ் என்ற இன்னொரு மைக் நிறுவனத்தின் வகையில், எதையும் ஏற்றாமல் இறக்காமல் அப்படியே அனுப்பும்படி வைத்துவிட்டன. ஏற்றியதை இறக்க ஆளில்லை. 8 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 12 வரை ‘ச’வும் ‘ஸ’வும் ஜால்ராவும் துருத்திக்கொண்டு நிற்பது இதனால்தான்.

இதற்குப் பலர் சொல்லும் திருத்தம், சர்க்யூட்டில் ஒரு சிறிய கெப்பாசிட்டரைச் சேர்த்து மேல் பகுதியை இறக்குவது. சரியாகவே வேலை செய்யும். ஆனால் மென்பொருளில் 8 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து இறக்கும் ஈக்யூ வகை) போட்டு 3 அல்லது 4 டிபி இறக்கினாலும் காதுக்குக் கிடைப்பது அதேதான். ஒரு வேறுபாடு உண்டு: ஈக்யூவில் புல்லாங்குழலுக்கு 2, ஜால்ராவுக்கு 5 என்று ஆளுக்கேற்ப மாற்றலாம். சால்டர் செய்த கெப்பாசிட்டர் எல்லோருக்கும் ஒரே அளவைத்தான் கொடுக்கும். குரல் பதிவு மட்டும் செய்பவருக்கு இந்தத் திருத்தம் வேண்டவே வேண்டாம்.

அறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் சுவரும் மொசைக் தரையும் உள்ள அறையில் நல்ல மைக்கும் கூசும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டால் அழகாக இருக்கும், ஒலியை உறிஞ்சாது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவையுங்கள். மைக் அதிகம் கேட்கும் திசையில் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியைப் பஞ்சு பிடித்துவிடும். செலவில்லாத இந்த வேலை, பல திருத்தங்களைவிடப் பெரிய மாற்றத்தைக் கொடுக்கும்.

காப்சூல் மாற்றுவது யாருக்கு?

ஈக்யூ ஒரு விஷயத்தில் தோற்கும். வில்லுப்பாட்டுக் குழுவை ஒரே மைக்கில் எடுக்கும்போது புலவர் நேர் எதிரே இருப்பார். குடமும் ஜால்ராவும் பக்கவாட்டில் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலியைக் காப்சூல் எப்படிக் கேட்கிறது என்பதைத் தனியாகத் திருத்த ஈக்யூவில் வழியில்லை. ஜால்ராவுக்காக இறக்கினால் புலவர் குரலும் போர்வைக்குள் போய்விடும். இப்படிப் பதிவு செய்பவருக்கு, மேல் பகுதி அமைதியாக உள்ள கே47 வகைக் காப்சூல் உண்மையிலேயே உதவும். 1949-இல் வந்த யூ47 மைக்கின் வழியில் வந்த வடிவம் அது. நடுப்பகுதி நிறைவாக இருக்கும், சர்க்யூட்டில் இறக்கம் இல்லாவிட்டாலும் கூசாது. சி12 மைக்கின் வழிவந்த சிகே12 வகை இன்னும் காற்றோட்டமாகக் கேட்கும், ஆனால் மணியும் ஜால்ராவும் உள்ள இடத்துக்கு நாம் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டோம்.

வாங்குமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உங்கள் மைக்கின் வலைக்கூட்டுக்குள் இந்த 34 மில்லிமீட்டர் காப்சூல் நிற்குமா? சில மாடல்கள் வெளியே பெரிய மைக் போலத் தெரிந்தாலும் உள்ளே சின்னக் காப்சூல்தான் வைத்திருக்கும், தாங்கியும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். இரண்டாவது, போர்டு காப்சூலுக்கு மின்னழுத்தம் கொடுக்கிறதா? இந்தக் காப்சூல்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 வோல்ட் வேண்டும். எலக்ட்ரெட் மைக்கில் மின்னூட்டம் காப்சூலுக்குள்ளேயே நிரந்தரமாக இருப்பதால் போர்டில் அந்த ஏற்பாடே இருக்காது. அதில் 34 மில்லிமீட்டர் காப்சூலை மாட்டினால் ஊமையாகத்தான் கிடக்கும்.

மாற்றும் முறை எளிது, கைதான் நிதானமாக இருக்க வேண்டும். மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட்டை (ஃபாண்டம் பவர்) அணைத்து, கேபிளைக் கழற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். எர்த் உள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு மைக்கைத் திறங்கள். உடலின் மின்னூட்டம், காப்சூலின் சிக்னலை முதலில் வாங்கும் டிரான்சிஸ்டரான எஃப்இடியைக் கொன்றுவிடும். எந்த வயர் டயஃப்ரமிலிருந்து (ஒலிக்கு அதிரும் மெல்லிய பிலிம்) வருகிறது, எது நடுத்தட்டிலிருந்து வருகிறது என்று போனில் படம் எடுத்துவையுங்கள். காப்சூலின் நடுவில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது ஆறு மைக்ரான், சிலவற்றில் மூன்று மைக்ரான் தடிமனுள்ள பிலிமின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கால் சுற்று அதிகம் திருகினால் பிலிம் சுருங்கிக் கிழியும், அதை யாராலும் ஒட்ட முடியாது. வயரின் மறுமுனையைப் போர்டில் மட்டும் கழற்றி, புதிய காப்சூலின் வயரை அங்கேயே பற்றவையுங்கள். டயஃப்ரமை வாயால் ஊதாதீர்கள், பஞ்சால் துடைக்காதீர்கள்.

மாட்டிய பிறகு குரல் தூரத்தில், மெலிந்து கேட்டால் காப்சூல் முன்பின்னாக உட்கார்ந்திருக்கிறது, அல்லது பின் டயஃப்ரமின் வயரை இணைத்திருக்கிறீர்கள். ஒலியே இல்லாமல் ‘டப்... டப்...’ என்று வந்தால் ஏதோ ஒரு வயர் வலைக்கூட்டைத் தொடுகிறது.

விலையில்தான் சிக்கல். நல்ல காப்சூலின் விலையும் தபாலும் சுங்கவரியும் சேர்ந்தால் பல நேரம் மைக்கின் விலையையே தாண்டும். மலிவுக் காப்சூலோ உங்கள் மைக்கில் ஏற்கனவே இருப்பதன் உடன்பிறப்பாக இருக்கலாம். காப்சூல் மாற்றுவதென்றால் நல்லதை வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஒலி உடைவதற்குச் சில்லறைச் செலவில் மருந்து

மூன்று குறைகளில் திருத்தத்துக்கு மிக நன்றாகப் பணிவது இதுதான். ஏனோ பலர் இதைச் செய்வதில்லை. குடம், தவில், கணியான் கூத்தின் மகுடம், காருகுறிச்சி மண்ணின் நாகசுரம் எல்லாம் பக்கத்தில் வைத்த மைக்கின் எஃப்இடியைத் திணறடிக்கும். உடைந்த ஒலியை ஈக்யூவால் ஒட்டவைக்க முடியாது.

முதலில் உடைவது மைக்தானா, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸா என்று பாருங்கள். கெயினைக் குறைத்துப் பதிவு செய்து அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி 0 டிபியைத் தொடாமல், மைனஸ் 8-இலோ 10-இலோ கத்தியால் சீவியது போல் தட்டையாக இருந்தால், கெயினை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தட்டை மாறாவிட்டால், உடைவது மைக்குக்குள்தான்.

மைக்கில் மைனஸ் 10 டிபி சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டாலே முடிந்தது. இல்லையென்றால் காப்சூலுக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டரைச் சேர்க்க வேண்டும். பெரிய காப்சூலின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 65 பிகோ ஃபாரட் என்று வையுங்கள். எஃப்இடியின் உள்ளீட்டுக் காலான கேட்டிலிருந்து எர்த்துக்கு 150 பிகோ ஃபாரட் சேர்த்தால், சிக்னல் 65-ஐ 215-ஆல் வகுத்த அளவாகும், அதாவது ஏறத்தாழ 10 டிபி இறங்கும். 68 பிகோ ஃபாரட் சேர்த்தால் பாதியாகும், 6 டிபி. கெப்பாசிட்டர் பாலிஸ்டைரீனாகவோ சீ-ஜீரோ-ஜி வகை செராமிக்காகவோ இருக்கட்டும். சாதாரண செராமிக் வில்லை வேண்டாம். தட்டினால் அதுவே மைக் போல ஒலிக்கும், மின்னழுத்தம் மாறினால் அளவும் மாறும்.

இதற்கு ஒரு விலை உண்டு. சிக்னல் 10 டிபி இறங்கினாலும் சர்க்யூட்டின் இரைச்சல் அப்படியே இருக்கும். எனவே இந்த மைக் இனி மேளத்துக்கு. தாலாட்டுக்கும் கதை வாசிப்புக்கும் இதை எடுக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே மைக் வேண்டும் என்று சின்ன சுவிட்ச் வைத்தால், அந்த சுவிட்சின் பிளாஸ்டிக் வழியே ஈரம் கசிந்து மழைக்காலத்தில் மைக் படபடவென்று பொரியும்.

இரைச்சலும் பொரிதலும்

கன்டென்சர் மைக்கின் உயிர்நாடி, காப்சூலுக்கும் எஃப்இடிக்கும் நடுவிலுள்ள இரண்டு மூன்று சென்டிமீட்டர். அங்கே இருக்கும் ரெசிஸ்டர் 1 ஜிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அந்த அளவுக்கே மின்சாரத்தைக் கடத்திவிடும். நம் ஊர் ரேடியோ கடைகளில் சால்டரிங்குக்கு டப்பா பேஸ்ட் தொட்டு வைப்பது வழக்கம். வயர் ஒட்ட அது சரி. இந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் அதைத் தொட்டால் மைக் வெயில் காலத்தில் நன்றாகப் பாடும், ஆனியில் தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்ததும் வறுகடலை பொரிவது போலப் பொரியும். உவரி, திருச்செந்தூர்க் கடற்கரையில் உப்புக்காற்றும் இதையே செய்யும்.

அதனால் இரைச்சலுக்கும் பொரிதலுக்கும் முதல் திருத்தம் துடைப்பதுதான். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷில் தொட்டு, எஃப்இடியின் கால், ஜிகா ஓம் ரெசிஸ்டர், உள்ளீட்டு கெப்பாசிட்டர் மூன்றையும் சுற்றி இரண்டு முறை கழுவுங்கள். பாலிஸ்டைரீன் மீது ஊறவிடாமல் சட்டென்று ஒற்றி எடுங்கள். காப்சூலைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், ஒரு துளி டயஃப்ரமில் பட்டால் கறை நிற்கும். அரை நாள் உலரட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது, அது ஆகாது.

அடுத்த படி, எஃப்இடியின் கேட் காலைப் போர்டிலிருந்து தூக்கி, கெப்பாசிட்டரின் காலோடும் ரெசிஸ்டரின் காலோடும் காற்றில் வைத்தே பற்றவைப்பது. போர்டின் மேல் படியும் ஈரம் அந்த இணைப்பைத் தொட முடியாது. பார்க்கச் சிலந்திக் கால் மாதிரி இருக்கும், ஆனால் குற்றாலக் காற்றுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. பேஸ்ட் இல்லாமல், ரோசின் உள்ளேயே இருக்கும் மெல்லிய சால்டர் லெட்டைப் பயன்படுத்துங்கள். பாலிஸ்டைரீன் சூடு தாங்காது. காலை ட்வீசரால் பிடித்துக்கொண்டு இரண்டு நொடியில் அயர்னை எடுத்துவிட வேண்டும்.

சில மலிவு போர்டுகளில் 1 ஜிகா ஓமுக்குப் பதில் 200 மெகா ஓம் போட்டிருப்பார்கள். அதை 1 ஜிகாவாக்கினால் அந்த ரெசிஸ்டரால் வரும் இரைச்சல் 7 டிபி குறையும். அந்தப் பங்கு மட்டும்தான், மைக்கின் மொத்த இரைச்சல் அல்ல. சாதாரண மல்டிமீட்டரால் இவ்வளவு பெரிய மதிப்பை அளக்க முடியாது, நிறக்கோடுகளைத்தான் நம்ப வேண்டும்.

இரைச்சல் ‘ஸ்ஸ்’ இல்லாமல் ‘ங்ங்’ என்று உறுமினால் விஷயம் வேறு. கொடைப் பந்தலில் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் ஓடும்போது இது வரும். மைக்கின் வலைக்கூடும் உடற்குழாயும் கேபிள் மாட்டும் எக்ஸ்எல்ஆர் கனெக்டரின் முதல் பின்னோடு இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள், 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். பெயிண்ட் அடித்த இடங்கள் தடுத்தால், இரண்டு பாகமும் ஒன்றையொன்று தொடும் விளிம்பில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். தூள் உள்ளே விழாமல் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

மற்றபடி போர்டில் உள்ள எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றும் திருத்தம் பற்றி: உள்ளீட்டில் சாதாரண செராமிக் இருந்தால் அதை 1000 பிகோ ஃபாரட் பாலிஸ்டைரீனாக மாற்றுவது நியாயம். அதைவிடப் பெரிதாகப் போட்டால் பேஸ் கூடும் என்பது தவறு. 1000 பிகோ ஃபாரடும் 1 ஜிகா ஓமும் சேர்ந்தால் வெட்டுமிடம் (அதற்குக் கீழே ஒலி இறங்கத் தொடங்கும் அலைவரிசை) 0.16 ஹெர்ட்ஸ், மிருதங்கத்தின் தொப்பிக்கும் அதற்கும் வெகு தூரம். மீதி எலக்ட்ரோலிடிக்குகளை பிலிமாக மாற்றுவதால் வரும் மாற்றம் மிகச் சிறிது. கசிந்த, வீங்கிய பழைய கெப்பாசிட்டராக இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பாலிஸ்டைரீன் நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது அரிது. சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்க வேண்டியிருக்கும்.

வலையின் உள் அடுக்கை வெட்டி எடுப்பதும் பிரபலமான திருத்தம். வலைக்குள் எதிரொலி குறையும், மேல் பகுதி கொஞ்சம் திறக்கும். ஆனால் ஆனி ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கம் தேரி மண் எப்படிப் பறக்கும் என்று தெரிந்தவர் இதைச் செய்யமாட்டார். மின்னூட்டம் உள்ள டயஃப்ரம் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

பிஎம்-800 வைத்திருப்பவர்களுக்கு

ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்கு வாங்கிய மலிவு மைக்கான பிஎம்-800-இல் உள்ளே இருப்பது எஃப்இடியோடு சேர்ந்த சிறிய எலக்ட்ரெட். இதில் கெப்பாசிட்டர் மாற்றுவது வீண் வேலை. செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும்: கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே எஃப்இடி இல்லாத 25 மில்லிமீட்டர் எலக்ட்ரெட் காப்சூலும், ஃபாண்டம் பவரில் ஓடும் புதிய போர்டும். எலக்ட்ரெட் என்பதால் உயர் மின்னழுத்தத் தொல்லை இல்லை, முதல்முறை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மைக் கிடையாது, கெட்டாலும் நஷ்டம் பெரிதல்ல. இங்கே திருத்தம் வாங்குவதை வெல்லும்.

வேறு வாங்குவது எப்போது?

மென்மையான குரலைப் பதிவு செய்பவர், கதை வாசிப்பவர், தனிக் குரலில் கீர்த்தனை எடுப்பவர் ஆகியோருக்கு மைக்கின் சொந்த இரைச்சல்தான் முடிவு. ஆடியோ டெக்னிகா ஏடி2020-இன் சொந்த இரைச்சல் 20 டிபி. ரோட் என்டி1-ஏவில் 5 டிபி. இந்த 15 டிபி வித்தியாசத்தை எந்தத் திருத்தமும் கொண்டுவராது. துடைத்த பிறகும் இரைச்சல் உறுத்தினால், மைக்கில் சால்டரிங் அயர்னை வைக்காமலே விற்றுவிட்டு நல்லதாக வாங்குங்கள். திறந்து சால்டர் பட்ட மைக்குக்கு வாரண்டியும் போகும், கைமாற்று விலையும் விழும். அதே ஏடி2020 144 டிபி வரை தாங்கும், என்டி1-ஏ 137. மேளத்துக்கு எடுப்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

எந்த வழி என்றாலும் மழைக்காலத்தில் மைக்கை ஸ்டாண்டில் விட்டுவைக்காதீர்கள். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் கைப்பிடியளவு சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மெல்லிய தீயில் உலர்த்தலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது.

திருத்தம் செய்வதென்று முடிவெடுத்தால், திறக்குமுன் ஒரு பதிவு எடுங்கள்: அதே அறை, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், ஃபேனை அணைத்து, அரை நிமிடம் குரல், அரை நிமிடம் ஜால்ரா, ஒரு நிமிடம் அமைதி. அமைதிப் பதிவை ராத்திரி ஒரு மணிக்கு மேல், துணி நிறைந்த பீரோவுக்குள் மைக்கை வைத்து எடுப்பது நல்லது. திருத்திய பிறகு அதே மாதிரி எடுத்து, இரண்டின் சத்தத்தையும் 0.2 டிபிக்குள் சமமாக்குங்கள். காப்சூல் மாற்றினால் இரண்டு மூன்று டிபி கூடுவது சகஜம், கொஞ்சம் உரக்கக் கேட்பதெல்லாம் காதுக்கு நல்லதாகவே படும். பிறகு கோப்புகளின் பெயரை வேறொருவரை மாற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் பத்து முறை கேளுங்கள். எட்டு முறையாவது சரியாகச் சொல்ல முடியாவிட்டால், அடுத்த பாகத்தை ஆர்டர் போடுவதை நிறுத்திவிட்டு இலவம்பஞ்சு மெத்தையை நகர்த்திப் பாருங்கள்.